என்னத்தைத் தின்றாள்?

குற்றாலச் சாரலைப் பற்றி எழுதாத எழுத்தாளன் இந்தப் பக்கத்தில் கிடையாது. என் பங்குக்கு நானும் இரண்டு நாவல்களில் அதைப் பாடித் தீர்த்துவிட்டேன். ஆனால் சாரலுக்கு இன்னொரு முகம் உண்டு. அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். வடகரையில் எங்கள் வீட்டுச் சுவர் ஈரம் பூக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாமல் பூஞ்சை வாடை வீசும். அந்த நாட்களில் ஊரில் சில வீடுகளில் இரவு முழுவதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விசாரித்தால், "பிள்ளைக்கு இளைப்பு" என்பார்கள். மற்றவர்கள் ஆஸ்துமா என்றும் வீசிங் என்றும் சொல்வது எங்களுக்கு இளைப்பு.

2016ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டு விளக்கும் அப்படி எரிந்தது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. நெஞ்சுக்குள்ளே யாரோ மெல்லச் சீழ்க்கையடிப்பது போல ஒரு சப்தம். என் மனைவி குழந்தையை நிமிர்த்தி மார்போடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தாயார் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக் குழந்தையின் முதுகில் தடவிக்கொண்டே இருந்தாள். தடவிய கை திடீரென்று நின்றது.

"ஏளா, இவளைச் சுமக்கையிலே அப்படி என்னத்தைத்தான் தின்னே?"

"ஒண்ணும் திங்கலை அத்தை."

"அஞ்சாம் மாசம் உங்க அம்மை வீட்டிலே போய்ச் சாளைக் கருவாடு தின்னியே, அது என்னவாம்? பிறந்த மூணாம் மாசம் மேலெல்லாம் கரப்பான் வந்துச்சா இல்லையா? அந்தக் கரப்பான்தான் உள்ளே இறங்கி நெஞ்சைப் பிடிச்சிருக்கு."

என் மனைவி பதில் சொல்லவில்லை. நானும் கதவோரம் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். சிறிது நேரத்தில் பக்கத்துத் தெரு ராவுத்தர் வீட்டுப் பையன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். "அண்ணாச்சி, பிள்ளையைப் படுக்கப் போடாதீங்க, நிமிர்த்தியே பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே தென்காசிக்கு விரட்டினான். அங்கே மருந்துப் புகையை மூக்கில் வைத்ததும் அரை மணி நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டாள். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். ஒரு குழந்தையின் நோய்க்கதையைச் சொல்லி வாசகர்களின் கண்ணீரை வாங்க நான் இதை எழுதவில்லை. அன்று இரவு என் தாயார் கேட்ட கேள்வி நியாயமானதா, அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றது நியாயமா என்ற இரண்டு விஷயங்களும் இத்தனை வருஷமாக என்னை விடவில்லை. அவற்றைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

கேள்வியை எடுத்த எடுப்பில் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கரப்பானுக்கும் இளைப்புக்கும் சம்பந்தம் உண்டென்று என் தாயார் சொன்னதை டாக்டர்களும் தங்கள் பாஷையில் சொல்லத்தான் செய்கிறார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தோலில் தடிப்பும் அரிப்புமாக வருகிறது. பிறகு சில உணவுகள் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கும் பிறகு மூச்சிரைப்பும் தும்மலும் வருகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நேர்வதில்லை. ஆனால் பல குழந்தைகளிடம் ஒவ்வாமை இந்த வரிசையில் நடைபோடுகிறது. ஏட்டைத் தொடாத கிழவிகள் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தே இதைக் கண்டுகொண்டிருந்தார்கள். 'கரப்பான் பண்டம்' என்று அவர்கள் ஒதுக்கிய பட்டியலில் கத்தரிக்காய் முதல் கருவாடு வரை நிறைய உண்டு. தாயின் உடம்பில் ஓடுவதுதான் பிள்ளையின் உடம்பிலும் ஓடுகிறது. ஆகவே தாய் தின்றதில் ஏதோ இருக்கவேண்டும் என்ற ஊகமும் அறிவுக்குப் பொருத்தமானதே. உலகத்துப் பெரிய ஆராய்ச்சிசாலைகளும் அதே ஊகத்திலிருந்துதான் புறப்பட்டன.

புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தன என்பதில்தான் பாடம் இருக்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷம் எட்டிப் பார்த்ததோடு சரி, நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. ஆனாலும் அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தும் தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

முதலில் நிலக்கடலையின் கதை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தின்று மூச்சடைத்துப் போனவனை நான் கேள்விப்பட்டதில்லை. மேல்நாடுகளில் அப்படி நடக்கிறது. ஒரே ஒரு கடலை உள்ளே போனாலும் உதடும் தொண்டையும் வீங்கி உயிருக்கு ஆபத்தாகிற குழந்தைகள் அங்கே பெருகின. 1998இல் பிரிட்டிஷ் அரசாங்கம், ஒவ்வாமை உள்ள குடும்பங்களின் கர்ப்பிணிகள் கடலையைத் தவிர்க்கலாம் என்று யோசனை சொன்னது. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் அதே வழியில் போய், அத்தகைய வீட்டுக் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையைக் காட்டவேண்டாம் என்றது. எத்தனை தாய்மார் ஆசையை அடக்கிக்கொண்டிருப்பார்கள்! தப்பித் தவறி ஒரு வாய் தின்றுவிட்டு எத்தனை பேர் ராத்தூக்கம் கெட்டிருப்பார்கள்! ஆனால் கடலை ஒவ்வாமை குறையவில்லை. 2008இல் அமெரிக்காவும், அடுத்த வருஷம் பிரிட்டனும் அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

அதோடு முடியவில்லை. லண்டனில் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். கடலையைக் கண்ணில் காட்டாமல் வளர்த்த பிரிட்டனில் கடலை ஒவ்வாமை ஏறக்குறையப் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. இஸ்ரேலிலோ பல் முளைக்கும் முன்பே குழந்தையின் கையில் கடலைப் பலகாரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வாமை வரக்கூடிய அறிகுறியுள்ள 640 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குக் கடலை உணவைக் கொடுத்தும் மற்றவர்களுக்குக் கொடுக்காமலும் ஐந்து வயது வரை பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. கொடுக்காத குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை. கொடுத்தவர்களில் மூன்று பேருக்குத்தான். நல்லெண்ணத்தோடு விலக்கச் சொன்ன பண்டமே, குழந்தை உரிய காலத்தில் தின்றால் காப்பாற்றும் பண்டமாகிவிட்டது.

அந்தப் பத்துப் பதினைந்து வருஷ காலத்தில் குற்றவாளி என்று தன்னைத் தானே நினைத்துக்கொண்ட தாயிடம் யார் போய் மன்னிப்புக் கேட்டார்கள்? யோசனையைத் திரும்பப் பெறுவது சுலபம். பழியை யாரும் திரும்பப் பெறுவதில்லை.

இனி மீனின் கதை. இது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 2017 தை மாதத்தில் பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தேன். டென்மார்க் தேசத்தில் 736 கர்ப்பிணிகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து தினந்தோறும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மீனெண்ணெய். மற்றவர்களுக்கு வேறு எண்ணெய். யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. பிறந்த குழந்தைகளை மூன்று முதல் ஐந்து வயது வரை கவனித்ததில், மீனெண்ணெய் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பதினேழு பேருக்கு விடாத மூச்சிரைப்போ ஆஸ்துமாவோ வந்திருந்தது. மற்ற குழந்தைகளில் சுமார் இருபத்து நான்கு பேருக்கு.

எனக்கு ஒரே குதூகலம். மனைவிக்காக வாதாட ஆறு மாதம் கழித்தாவது ஒரு சாட்சி கிடைத்தது! அடுக்களை வாசலில் நின்று செய்தியை உரக்க வாசித்தேன். "கேட்டியா அம்மா? மீன் தின்னா இளைப்பு வராதுன்னு சொல்லுதான். நீ கருவாட்டைக் குத்தம் சொன்னியே!"

என் தாயார் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதான் பார்த்தியா, எய்யா? அன்னைக்கே இவ மீனை ஒழுங்காத் தின்னிருந்தா பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியபோது பயமாக இருந்தது. தின்றாலும் குற்றம் அவளுடையது, தின்னாவிட்டாலும் அவளுடையது. சாட்சி மாறியும் தீர்ப்பு மாறவில்லை என்றால் அங்கே விசாரணையே நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? குற்றவாளியை முன்னாலேயே நிறுத்திவிட்டுப் பிறகு குற்றத்தைத் தேடுகிறோம். என் தாயாரை மட்டும் நான் சொல்லவில்லை. பத்திரிகைகளிலும் பெரிய பெரிய கூட்டங்களிலும் இதே வழக்குத்தான் நடக்கிறது. 'தாய் இதைத் தின்றால் குழந்தைக்கு அது வரும்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் கொஞ்சம் நாசூக்காகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

டென்மார்க் கணக்கை இன்னும் ஒரு தரம் பார்ப்போம். மீனெண்ணெய் சாப்பிட்ட நூறு தாய்மாரில் பதினேழு பேரின் குழந்தைகளுக்கு இரைப்பு வந்தது. இவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சாப்பிடாத நூறு பேரில் எழுபத்தாறு பேரின் குழந்தைகளுக்கு ஒன்றும் வரவில்லை. இவர்கள் என்ன புண்ணியம் செய்தார்கள்? ஏழு குழந்தைகளுக்கு நன்மை கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அந்த ஏழு குழந்தைகள் யார் யார் என்று அந்த ஆராய்ச்சியை நடத்தியவர்களாலேயே விரல் நீட்டிச் சொல்ல முடியாது. சொல்லவும் அவர்கள் புறப்படவில்லை. ஆயிரம் பேரைப் பற்றிய வார்த்தை அது. அதை எடுத்து வடகரையில் ஒரு தெருவில், ஒரு வீட்டில், நடுராத்திரியில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மேல் தீர்ப்பாக எழுத நமக்கு என்ன அதிகாரம்?

அப்படியானால் அந்த வார்த்தையால் பயனே இல்லையா? உண்டு. நூறு பேருக்குப் பொதுவாக என்ன செய்யலாம் என்று அது சொல்கிறது. அந்த ஆராய்ச்சியிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. யாருடைய இரத்தத்தில் அந்தச் சத்து ஏற்கனவே மிகக் குறைவாக இருந்ததோ, அவர்களுடைய குழந்தைகளுக்குத்தான் மிகுந்த நன்மை கிடைத்தது. இல்லாதவளுக்குக் கொடு என்பதுதான் இதன் சாரம். இதிலிருந்து ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். குற்றப்பத்திரிகையை எடுக்க முடியாது.

எல்லாச் சத்தும் இப்படி நல்ல பெயர் வாங்கிவிடவும் இல்லை. வைட்டமின் டி கொடுத்தால் ஆஸ்துமா குறையும் என்று அமெரிக்காவில் 876 கர்ப்பிணிகளிடம் பார்த்தார்கள். 2016இல் குழந்தைகளுக்கு மூன்று வயதானபோது ஏதோ கொஞ்சம் குறைவது போலத் தோன்றியது. ஆனாலும் அது நிச்சயமென்று சொல்லும்படி இல்லை. ஆறு வயதானபோது இரு பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இவ்வளவு கண்ணும் கருத்துமாக அளந்து பார்த்தவர்களே அடக்கமாகப் பேசும்போது, ஒரு சாளைக் கருவாட்டை வைத்துக்கொண்டு நாம் இவ்வளவு நிச்சயமாகப் பேசுவது விந்தை அல்லவா?

தாயின் பட்டினியைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைக் கேட்டபோதுதான் என் தாயாரின் கேள்வியில் என்ன கோணல் என்பது எனக்குப் புரிந்தது. 1944ஆம் வருஷக் கடைசியிலும் 1945இன் தொடக்கத்திலும் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம். ஜெர்மன் படை நாட்டைப் பிடித்துவைத்திருந்தது. ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததற்குத் தண்டனையாக உணவு வரும் வழியை அடைத்தது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து மக்களில் பலர் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் கர்ப்பமாக இருந்த பெண்களின் குழந்தைகள் ஐம்பது வயதை எட்டியபோது அவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். கருவில் பாதி வளர்ந்திருந்த சமயத்தில் பட்டினியில் சிக்கியவர்களுக்கு மூச்சுக்குழல் அடைப்பு நோய் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது என்று 2000இல் எழுதினார்கள்.

இந்தக் கதையைக் கேட்ட யாராவது, 'அந்தத் தாய் என்னத்தைத் தின்றாள்?' என்று கேட்பார்களா? கேட்கமாட்டார்கள். 'அவள் வாய்க்குப் போகவேண்டியதை யார் தடுத்தார்கள்?' என்றுதான் கேட்பார்கள். அங்கே துப்பாக்கி கண்ணுக்குத் தெரிந்ததால் கேள்வி நேராக வந்தது. நம் ஊரிலோ கடைசியாகச் சாப்பிட உட்காருகிற பெண்ணின் தட்டில் எது மிஞ்சியது, அவள் கூலிக்குப் போன நாளில் மத்தியானம் எதைக் குடித்தாள், கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கிய கைகள் பதிலுக்குப் பாலையோ முட்டையையோ வைத்தனவா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கேள்வி கோணலாகப் போய் அவள் மேலேயே விழுகிறது.

நம் பழைய புலவர்களுக்கு இந்தக் கோணல் இல்லை. மசக்கையில் பெண்கள் மண்ணைத் தின்பது சங்க காலத்திலும் உண்டு. புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டைப் புகழும்போது, அந்த மண்ணைக் கர்ப்பிணிப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ணமாட்டார் என்கிறார். அந்தப் பெண்ணின் ஆசையை அவர் குற்றமாகப் பார்க்கவில்லை. நாடு பத்திரமாக இருப்பதற்கு அதையே அடையாளமாகக் காட்டுகிறார். மண் தின்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பார்வை அவள் வாயோடு நின்றுவிடாமல், அவளைச் சுற்றியிருந்த நாட்டையும் அரசனையும் சேர்த்துப் பார்த்தது என்றுதான் சொல்கிறேன்.

அப்படிச் சுற்றிலும் பார்க்கத் தொடங்கினால், முதலில் என் அறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். இருப்பது இரண்டே அறை. நான் எழுதுகிற அறையில்தான் என் மனைவி படுத்திருப்பாள். சாரல் அடிக்கும் என்று ஜன்னல் சாத்தியிருக்கும். ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சிகரெட் என்பது என் கணக்கு. கர்ப்பிணியின் மூச்சில் புகையிலைப் புகை போனால், பிறக்கிற குழந்தைக்கு மூச்சிரைப்பு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதைப் பல தேசத்து ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் எதிராகக் கிடைத்த சாட்சியைவிட இது எத்தனையோ மடங்கு வலுவான சாட்சி. ஆனால் அந்த ஒன்பது மாதத்தில் என் தாயாரோ, மாமியாரோ, பார்க்க வந்த உறவினர்களோ ஒருவராவது என்னிடம், "எய்யா, வெளியே போய்க் குடி" என்று சொல்லவில்லை. அவள் தட்டை எட்டு ஜோடிக் கண்கள் எட்டிப் பார்த்தன. என் விரலை யாரும் பார்க்கவில்லை. அன்று ராத்திரி கதவோரம் நின்று நான் பேசாமல் இருந்தேனே, அது தாயாரிடம் வைத்திருந்த மரியாதையால் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உள்ளபடிக்கு, கேள்வி என் பக்கம் திரும்பாத வரையில் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இப்படிச் சொன்னதும், 'அப்படியானால் குற்றவாளி நீதான்' என்று வாசகர்கள் தீர்ப்பு எழுதிவிடலாம். நானே எழுதிக்கொள்ளவும் ஆசைதான். தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்வதில் எழுத்தாளனுக்கு ஒரு ருசி உண்டு. ஆனால் மனைவிக்குச் சொன்ன நியாயம் எனக்கும் பொருந்தத்தான் வேண்டும். ஆயிரம் வீட்டுப் புகையைப் பற்றிச் சொன்னதை வைத்து, என் வீட்டுப் புகைதான் என் மகளின் நெஞ்சைப் பிடித்தது என்று நிரூபிக்க முடியாது. இந்தப் பக்கத்தில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிறைமாதம் வரை புகையிலைத் தூளில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பெண்களின் பிள்ளைகள் மலையேறுகிறார்கள். புகை விஷயத்திலும் உடம்பு நம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து நான்கு தேசங்களில் 3,200 கர்ப்பிணிகளை எடுத்து, பாதிப் பேருக்கு விறகு அடுப்புக்குப் பதிலாகக் காஸ் அடுப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை என்று 2022இல் சொன்னார்கள்.

ஆகவே என்னையும் தண்டிக்க வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அவளிடம் கேட்டது நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி. அதற்கு அவள் எதுவும் செய்ய முடியாது. என்னிடம் கேட்டிருந்தால், ஒன்பது மாதம் முன்பே கேட்டிருந்தால், எழுந்து வெளியே போயிருப்பேன். அதைத்தான் யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் யோசித்த பிறகு ஒருநாள் துணிந்து என் தாயாரிடம், "நீ அன்னைக்கு அவளை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் அம்மா" என்று சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னையும் அப்படித்தான் கேட்டாங்க" என்றாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து நான்கு வயதில் இறந்துபோனான் என்பது தெரியும். இளைப்பில் இறந்தான் என்பது தெரியாது. அவனைச் சுமந்தபோது என் தாயார் ஆசைப்பட்டுச் சீதாப்பழம் தின்றாளாம். குளிர்ந்த பண்டம். பிள்ளையை எடுத்துக் கொண்டுபோன அன்று என் ஆச்சி, வாசலில் கூடியிருந்தவர்கள் முன்னால் வைத்து அந்தச் சீதாப்பழத்தைச் சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

குற்றாலம் சந்தையில் சீதாப்பழம் குவிந்து கிடக்கும் காலத்தில் எத்தனையோ முறை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். எங்களுக்கெல்லாம் உரித்துக் கொடுப்பாள். தான் ஒரு சுளை வாயில் போட்டதில்லை. அவளுக்கு அது பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

இளைப்பு தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் வருகிறது என்கிறார்கள். அந்தக் கேள்வியும் அப்படித்தான் வருகிறது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அந்த மருமகள் மாமியாரானதும் அடுத்தவளுக்கு. கேட்கிறவள் கொடுமைக்காரி என்பதால் அல்ல. குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது காரணமில்லாமல் இது நடக்கிறது என்பதை மனித மனத்தால் தாங்க முடிவதில்லை. ஏதாவது ஒரு காரணம் வேண்டும்; காரணத்துக்கு ஒரு முகம் வேண்டும்; மிகப் பக்கத்தில் இருக்கிற முகம் தாயின் முகம். காரணத்தைத் தேடுவது அறிவின் வேலை. அதற்கு ஒரு முகத்தைத் தேடுவது துக்கத்தின் வேலை. இரண்டும் ஒரே மாதிரிப் பேசுவதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

இங்கே ஒரு நண்பர் என்னைக் குறுக்கே மறித்துக் கேட்டார்: "யாருக்கும் பழி இல்லை என்று சொல்லிவிட்டால் கர்ப்பிணிகள் எதையும் கவனிக்கமாட்டார்களே? பயம் இருந்தால்தானே ஜாக்கிரதை இருக்கும்?" கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் நான் பார்த்த வரையில் தன் வயிற்றுப் பிள்ளையைக் கவனிப்பதற்கு எந்தத் தாய்க்கும் பழியின் உதவி தேவைப்பட்டதில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது முட்டை, கீரை, இரண்டு வேளை ஓய்வு, புகையில்லாத ஓர் அறை. பயம் என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொள்கிற நல்ல உணவையும் பயந்து விலக்குகிறாள். குழந்தைக்கு இளைப்பு என்பதை வெளியே சொல்லாமல் மறைக்கிறாள். பெண் குழந்தையாக இருந்தால், நாளைக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமே என்று உறிஞ்சு மருந்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். மருந்து தாமதமாகிறது. இந்தப் பயத்தால் பிழைத்த குழந்தை ஒன்றையாவது எனக்குத் தெரியாது.

பொறுப்பு என்பது வேறு. பழி பின்னோக்கிப் பார்க்கும். பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கும். தமிழ்நாட்டில் 1987இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முந்நூறு ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கிய அந்தத் திட்டம் 2018இல் சத்துணவுப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாயாக வளர்ந்தது. அதில் குறைகள் இருக்கலாம். பணம் தாமதமாக வரலாம். வந்த பெட்டகத்தைக் கணவனும் மாமியாரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திட்டம் கேட்கிற கேள்வி நேரான கேள்வி. 'நீ என்னத்தைத் தின்றாய்?' என்று அது கேட்கவில்லை. 'நீ தின்பதற்கு நாங்கள் என்ன கொடுக்கவேண்டும்?' என்று கேட்கிறது. சர்க்கார் கேட்கக் கற்றுக்கொண்ட இந்தக் கேள்வியைக் குடும்பங்கள் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

நான் சிகரெட்டை இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் திரும்பப் பிடித்தேன். மூன்றாம் முறை விட்டது இதுவரை நிலைத்திருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேண்டிய காலத்துக்குப் பல வருஷம் பிந்திச் செய்த காரியத்தில் பெருமைக்கு என்ன இருக்கிறது?

போன சாரல் காலத்தில் என் தங்கை மகள் ஐந்தாம் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாயாருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் அடுக்களை அவள் வசம்தான். வந்தவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "சாளைக் கருவாடு ஆச்சி" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தாயாரைப் பார்த்தேன். தாயார் ஒன்றும் சொல்லாமல், கடைக்குப் போய்வருவதற்காக என் கையில் பையைக் கொடுத்தாள்.